ஒன்பது நாள் யாரும் கத்தவில்லை

அந்த மருத்துவமனையில் அவளுக்கு சிஸ்டம் மேடம் என்று பெயர். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிக்கே ஆள் தெரியாது. இருநூற்றுப் பன்னிரண்டு கட்டில், நூற்றெண்பது கணினி, நாற்பத்தொரு பிரிண்டர், இத்தனைக்கும் அவள் ஒருத்திதான். ஒன்பது வருடமாக இதே பிழைப்பு. தன் மேசைக்கு வரும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பையும் அவள் ஒரு நீளப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது நிர்வாகத்தின் விதி. தேதி, நேரம், அழைத்தவர், குறை, தீர்த்த விதம் என்று ஐந்து கட்டங்கள். இப்போது பதினோராவது பதிவேடு ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்றையும் புரட்டினாலும் 'குறை' என்ற கட்டம் ஒரு வரியில்கூடக் காலியாக இருக்காது. "எல்லாம் நல்லா ஓடுது மேடம்" என்று சொல்வதற்காக இதுவரை ஒரு மனிதப் பிறவி அவளைக் கூப்பிட்டதில்லை.

மனித குலத்தைப் பற்றி அவளுக்குத் தீர்மானமான சில கருத்துகள் உண்டு. "நான் எதையும் தொடவே இல்லை" என்று எவர் முதல் வாக்கியத்திலேயே சொல்கிறாரோ அவர்தான் தொட்டிருப்பார். "ரொம்ப அவசரம்" என்று கூப்பிடுகிறவர் அவள் போய்ச் சேரும்போது தேநீர் குடிக்கப் போயிருப்பார். எலும்பு டாக்டர் தன் கடவுச்சொல்லைக் கீபோர்டுக்கு அடியில் ஒட்டிவைத்திருந்தார். "எல்லாருக்கும் தெரியற மாதிரி வெக்காதீங்க டாக்டர்" என்று அவள் தலையால் தண்ணீர் குடித்துச் சொன்னபிறகு, அதைப் பிய்த்து மேசை விளக்கில் ஒட்டினார். எக்ஸ்ரே அறையில் "ஸ்க்ரீன் செத்துப்போச்சு" என்று வாரத்துக்கு ஒரு முறை ஒப்பாரி. அவள் போய் மேசைக்கு அடியில் குனிந்து, காலால் உதைபட்டுக் கழன்ற பிளக்கைச் செருகிவிட்டு வருவாள். மூன்றாம் மாடிப் பிரிண்டரில் காகிதம் சிக்கியிருப்பதாக ஒரு நாள் அழைப்பு. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சுருள் பிளாஸ்திரி. அது எப்படி அங்கே போனது என்று கேட்டதற்கு அத்தனை நர்சுகளும் மேற்கூரையைப் பார்த்தார்கள்.

வீட்டிலும் விமோசனம் கிடையாது. சித்தப்பா வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்று கூப்பிடுவார். "அது கம்ப்யூட்டர் இல்ல சித்தப்பா" என்றால், "பட்டன் இருக்கேம்மா" என்பார். அவளுடைய கணவர் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். அவர்தான் அவளுடைய துக்கத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன். "என்கிட்டயும் தினம் ஒருத்தன் சுவத்துல முட்டிட்டு, 'ஆக்சிலேட்டரை நான் தொடவே இல்லை சார்'ங்கறான்" என்பார். இரண்டு பேரும் சாப்பிடும்போது அன்றைய பொய்களைப் பரிமாறிக்கொள்வார்கள். அதில் ஒரு சுகம் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வாரத்தில் தொண்ணூற்றேழு அழைப்புகள் வந்தன. அதில் அறுபத்தொன்று கழன்ற கேபிள். அந்த வெள்ளிக்கிழமை அவளுக்குக் கோபம் தலைக்கேறி, ஒரு அறிவிப்பைத் தடித்த எழுத்தில் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கட்டடம் முழுக்க ஒட்டச் சொன்னாள். கடைநிலை ஊழியர் ஒருவர் ஏணியும் கையுமாக எல்லா மாடிக்கும் போய் ஒட்டினார்.

'அழைக்கும் முன் உங்களையே கேளுங்கள். ஒன்று, கேபிள் செருகியிருக்கிறதா? இரண்டு, ஒருமுறை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தீர்களா? மூன்று, இது இல்லாமல் உங்கள் வேலை நடக்குமா? நடக்கும் என்றால் தயவுசெய்து அழைக்காதீர்கள்.'

அழைப்புகள் பாதியாகக் குறைந்தன. மூன்றாவது கேள்வியை எழுதியபோது தன் கைக்குத் தானே முத்தம் கொடுத்துக்கொள்ளலாம் போல அவளுக்கு இருந்தது. நிர்வாக அதிகாரிகூட "பிரமாதம்" என்றார். அவர் எதையும் அப்படிச் சொல்கிறவர் இல்லை.

இனி அந்த இயந்திரத்துக்கு வருவோம்.

இரண்டாம் மாடியில் பழைய சர்வர் அறை இருந்தது. அதைக் காலிசெய்து டயாலிசிஸ் அறையாக்கத் தீர்மானம் ஆகியிருந்தது. நான்கு நாற்காலிகள் வந்து, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், அறைக்கு வெளியே நடைவழியில் நின்றன. இடம் கேட்டுக் காத்திருந்தவர்கள் இருபத்துமூன்று பேர். அதில் ஒரு அம்மாள் வாரம் மூன்று நாள் இரண்டு பஸ் மாறி வேறெங்கோ போய் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிறவர். அவர் தன் முறை எப்போது என்று கேட்க வரும்போதெல்லாம் அந்த நாற்காலிகளில் ஒன்றின் கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். சிஸ்டம் மேடம் அதை இரண்டு முறை பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு நிர்வாக அதிகாரியின் நச்சரிப்பே தேவைப்படவில்லை.

எல்லா சர்வர்களும் புது அறைக்குப் போய்விட்டன. ஒன்றே ஒன்று மட்டும் மிச்சம். அலமாரியின் கடைசித் தட்டில், தூசியில் புதைந்து, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் ஒரு துண்டு பிளாஸ்திரி. அதில் பேனாவால் 'அணைக்காதே' என்று எழுதியிருந்தது. யார் எழுதியது, ஏன் அணைக்கக் கூடாது, இது யாருக்காக உழைக்கிறது, ஒன்றுக்கும் பதில் இல்லை. இவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதிவைக்காமல் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். ஒரு திரையை இணைத்துப் பார்த்தாள். கடவுச்சொல் கேட்டது. தெரிந்த எதற்கும் மசியவில்லை. மேலே ஒரே ஒரு வரி மட்டும் தெரிந்தது: நாலாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு நாளாக நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

அவள் அந்த எண்ணை இரண்டு தடவை படித்தாள். பதினோரு வருடத்துக்கு மேல். இந்தக் கட்டடத்தில் அத்தனை நாள் ஒரு நாற்காலி உடையாமல் இருந்ததில்லை. மனுஷருக்குத் தலைவலி வருகிறது, இயந்திரத்துக்கு அதுகூட இல்லை. அவளையறியாமல் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஆனாலும் அறை காலியாக வேண்டுமே. எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினாள். 'இந்த இயந்திரத்தைப் பயன்படுத்துகிறவர் யார்?' மூன்று முறையும் மௌனம். அவளுடைய தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. புத்தகத்தில் இருக்காது, ஆனால் உலகம் முழுக்க எல்லா சிஸ்டம் ஆட்களும் செய்வது. இயந்திரத்தை அணைக்க மாட்டார்கள், நெட்வொர்க் கேபிளை மட்டும் உருவிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எவராவது "ஐயோ" என்று கத்தினால் இயந்திரத்தின் சொந்தக்காரர் யாரென்று தெரிந்துவிடும், உடனே திரும்பச் செருகிவிடலாம். யாரும் கத்தாவிட்டால் அது வேண்டாத இயந்திரம். அவர்கள் இதற்கு அலறல் சோதனை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பத்து நாள் பொறுப்பது அவளுடைய வழக்கம்.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கேபிளை உருவினாள்.

முதல் நாள் யாரும் கத்தவில்லை. இரண்டாம் நாள் எலும்பு டாக்டர் கத்தினார், ஆனால் அது விளக்கு ஃபியூஸ் போனதற்கு. ஐந்தாம் நாள் குழந்தைகள் பிரிவில் ஒரு கணினியைச் சரிசெய்யப் போனபோது, நூற்றுப் பதினெட்டாம் கட்டிலில் ஆறு வயதுப் பெண் ஒன்று கண்ணை உருட்டிப் பார்த்தது.

"நீங்க டாக்டரா?"

"இல்லையே."

"அப்ப ஊசி போட மாட்டீங்களா?"

"கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் போடுவேன்."

"அது அழுமா?"

"அது அழாது. அதை வெச்சிருக்கறவங்கதான் அழுவாங்க" என்றாள். நர்சு சிரித்துவிட்டாள். கட்டிலின் தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கியது. 'முட்டை ஒரு துளியும் கூடாது. மூச்சு அடைத்துவிடும்.' படித்துவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து கேபிளைச் செருகிவிட்டு வந்தாள்.

எட்டாம் நாளும் அமைதி. அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பழைய இயந்திரங்களை நொறுக்கும் ஆளுக்குச் சொல்லிவிட்டாள். பத்தாம் நாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு வண்டியோடு வந்து, டிஸ்கைத் துளைபோட்டு எடுத்துப் போவதாக ஏற்பாடு.

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு அவள் அந்த அறைக்குப் போனாள். இத்தனை வருடம் உழைத்த ஜீவன், கடைசியாக ஒரு முறை முகம் பார்த்துவிடலாம் என்று திரையை மறுபடி இணைத்தாள். அன்று ஒரு வரி இருந்த இடத்தில் இப்போது வரிசையாக ஒன்பது வரிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுதப்பட்டிருந்தது. எல்லாம் ஒரே வாக்கியம்: 'அடித்தளப் பிரிண்டர் கிடைக்கவில்லை. உணவுப் பட்டியல் அச்சாகவில்லை.'

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கத்தல் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. திரை இல்லாத இயந்திரம் தனக்குள்ளேயே ஒன்பது நாளாகக் கத்தியிருக்கிறது.

உணவுப் பட்டியல் என்றால் என்ன என்று அந்தக் கட்டடத்தில் வேலைசெய்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கு உப்பு கூடாது, யாருக்குச் சர்க்கரை கூடாது, யாருக்கு அறுவை இருப்பதால் ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது, எல்லாம் அதில்தான். ஒவ்வொரு பிரிவிலும் நர்சுகள் கணினியில் போடுகிறதை இந்த இயந்திரம் விடியற்காலையில் திரட்டி, அடித்தளத்துச் சமையலறைக்கு அனுப்பிவந்திருக்கிறது. சமையலறையில் கணினி கிடையாது. மின்னஞ்சல் கிடையாது. அவளுடைய நாற்பத்தொன்றில் சேராத ஒரு பிரிண்டர் மட்டும் இருந்திருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர், ஒன்பது நாள், பட்டியல் இல்லாமல் சாப்பிட்டிருக்கிறார்கள்.

கேபிளைச் செருகினாள். பச்சை விளக்கு படபடவென்று அடித்தது. அடுத்த நொடி அவள் படிக்கட்டில் இருந்தாள். கீழே போவதா, மேலே போவதா என்று ஒரு கணம் தவித்தாள். கால் மேலே ஓடியது.

நூற்றுப் பதினெட்டாம் கட்டில் காலியாக இருந்தது. புது விரிப்பு போட்டு, மடிப்புக் கலையாமல் இழுத்துவிட்டிருந்தார்கள்.

"அந்தக் குழந்தை எங்கே?" என்று கேட்டாள்.

"வீட்டுக்குப் போயிடுச்சே மேடம், நேத்து சாயந்திரம். என்ன ஓட ஓட விட்டுச்சு தெரியுமா" என்ற நர்சு, அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க முதல்ல. என்னாச்சு?"

"சாப்பாட்டுத் தட்டு. இந்த ஒரு வாரமா ஏதாவது தப்பா வந்துச்சா? யாருக்காவது ஏதாவது?"

"இல்லையே. முன்னைவிட சரியா வருது. இப்பதான் தட்டு அண்ணனே விடியக்காலையில நேர்ல வந்து ஒவ்வொரு கட்டிலா பார்த்து எழுதிட்டுப் போறாரே. நாங்க ஏதோ புது விதி போலன்னு நெனச்சோம்."

தட்டு அண்ணன் என்று யாரும் இருப்பதாகவே சிஸ்டம் மேடத்துக்குத் தெரியாது. அவர் அவளை ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை. கூப்பிடாதவருக்குக் குறை இல்லை என்பதும் அவளுடைய தீர்மானமான கருத்துகளில் ஒன்று.

அடித்தளத்தில் ஆவியும் பாத்திரச் சத்தமுமாக இருந்தது. மூலையில் ஒரு பழைய பிரிண்டர் பேய் பிடித்தது போல உதறி உதறிக் காகிதத்தைத் துப்பிக்கொண்டிருந்தது. இணைப்பு திரும்பியதும், விடுபட்ட ஒன்பது நாள் விவரத்தையும் பிரிவுகளின் கணினிகளிலிருந்து திரட்டி, ஒன்பது பட்டியலையும் ஒரே மூச்சில் அனுப்பிக்கொண்டிருந்தது அந்த இயந்திரம். தட்டு நிரம்பி, தரையெல்லாம் காகிதம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு தலைமைச் சமையல்கார அம்மாள் அதை முறைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர் ஒருவர் குனிந்து, ஒவ்வொரு தாளாக எடுத்துத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணாடியின் ஒரு காது நூல் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

"வாம்மா" என்றார் சமையல்கார அம்மாள். "ஒன்பது வருஷத்துல இப்பதான் இங்க வர வழி தெரிஞ்சுதா? இந்த மனுஷன் ராத்திரியும் பகலும் தேய்ஞ்சு போயிட்டார். ஃபோன் பண்ணுய்யா, ஃபோன் பண்ணுய்யான்னு நான் தொண்டை கிழியக் கத்தினேன்."

"ஏன் எனக்குச் சொல்லலை?" சிஸ்டம் மேடம் அவரைப் பார்த்துக் கேட்டாள். "ஒன்பது நாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

தட்டு அண்ணன் சங்கடமாக நெளிந்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரைக் காட்டினார். பிரிண்டருக்கு மேலே, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள், அவளுடைய அறிவிப்பு இருந்தது.

"கேபிள் பார்த்தேன் மேடம், செருகித்தான் இருந்துச்சு. ரெண்டு தடவை அணைச்சுப் போட்டும் பார்த்தேன்" என்றார். "மூணாவதா, இது இல்லாம வேலை நடக்குமான்னு கேட்டிருந்தீங்க. கொஞ்சம் யோசிச்சேன். நடத்திடலாம்னு தோணுச்சு."



நடத்தியது எப்படி என்பதைச் சமையல்கார அம்மாள்தான் சொன்னார். தட்டு அண்ணனுடைய வேலை, பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு தட்டிலும் சீட்டு ஒட்டுவது. ஆறரைக்குத் தட்டுகள் மாடி ஏற வேண்டும். பட்டியல் வராத முதல் நாள் அவர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நாலு மாடியும் ஓடி, கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் தாள்களைப் படித்து எழுதி வந்தார். அன்று தட்டு அரை மணி தாமதம். மறுநாளிலிருந்து நாலு மணிக்கே ஆரம்பித்தார். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் நடந்தே வந்தார். தூங்குகிறவர்கள் விழிக்கக் கூடாது என்று செருப்பை மாடிப்படியில் கழற்றிவிட்டுப் போவாராம்.

"நாலஞ்சு நாள்லயே மனப்பாடம் ஆகியிருக்குமே" என்றாள் சிஸ்டம் மேடம்.

"ஆச்சு மேடம். ஆனா மனசை நம்பக் கூடாது. ஒருத்தருக்கு ராத்திரியில ஏதாவது மாறியிருக்கும். நேர்ல பார்த்தாதான் தெரியும்."

நோட்டை வாங்கிப் புரட்டினாள். ஒன்பது நாள், நாளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு வரி, பொடிப்பொடி எழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. ஒரு காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அச்சான ஒன்பது பட்டியலையும் மடியில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி ஒப்பிட ஆரம்பித்தாள். இயந்திரம் எழுதியது இந்தப் பக்கம், மனிதர் எழுதியது அந்தப் பக்கம். முதல் எட்டு நாளின் நூற்றுப் பதினெட்டாம் வரியிலும் 'முட்டை' என்று எழுதி இரண்டு கோடு போட்டு அடித்திருந்தார். எட்டாம் நாள் அதற்கு எதிரே 'மாலையில் வீடு' என்றும் சேர்த்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு நொறுக்கும் வண்டிக்காரர் கூப்பிட்டார். "இன்னைக்கு வேண்டாம், போயிடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு வரிகள். ஏழே ஏழு இடத்தில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஏழையும் குறித்துக்கொண்டு பிரிவு பிரிவாகப் போய், நோயாளிகளின் தாள்களை வாங்கிச் சரிபார்த்தாள். ஏழிலும் நோட்டுதான் சரி, இயந்திரம்தான் தப்பு. அறுபத்துநாலாம் கட்டில்காரருக்கு வாயில் தையல் போட்டிருந்ததை இரவு நர்சு கணினியில் ஏற்ற மறந்திருந்தாள். பட்டியலில் சாதாரணச் சாப்பாடு. தட்டு அண்ணன் விடியலில் அந்த முகத்தைப் பார்த்து, 'குழைவாக, சூடு ஆறினபின்' என்று எழுதியிருந்தார்.

ஏழாவது, முப்பத்தொன்றாம் கட்டில். இயந்திரத்தின் பட்டியலில் உப்பில்லாத காலை உணவு. நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே எழுதியிருந்தது: 'ஐயா தவறிவிட்டார், 4.20. சாப்பாடு வேண்டாம். அம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு தேநீர் கொடுத்தனுப்பவும்.'

சிஸ்டம் மேடம் அந்த வரியை மறுபடி படித்தாள். நடைவழியில் அப்படியே நின்றுவிட்டாள். நாலாயிரம் நாள் ஓடுகிற ஒரு இயந்திரத்தைப் பார்த்துக் கும்பிடத் தோன்றியதே, அது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. ஒரு கட்டிலைக் கடக்க இந்த மனிதருக்குக் கிடைத்த நேரம் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில், யாரும் கேட்காமல், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு பெண்மணிக்கு ஒரு கோப்பைத் தேநீர் எழுத அவருக்கு இடம் இருந்திருக்கிறது. இப்படியும் ஒரு ஆள் இருக்க முடியுமா என்று ஆச்சரியப்பட்டாள். அதே கட்டடத்தில், அவளுடைய காலுக்கு இரண்டு தளம் கீழே, ஒன்பது வருடமாக இருந்திருக்கிறார்.

திரும்பக் கீழே போய் அவரிடம் நோட்டைக் கொடுத்தபோது, "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே மேடம்" என்றார் அவர், அவளைத் தேற்றுகிற குரலில். "இதை வெளியில சொல்லிக்க வேண்டாம். நீங்க எழுதினதும் நியாயம்தான். ஆளாளுக்குச் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கூப்பிட்டா, ஒத்தை ஆளா நீங்க எப்படிச் சமாளிப்பீங்க? நீங்க மாடிக்கும் கீழயுமா ஓடறதைப் பார்த்திருக்கேன்."

சொல்லாமல் விட்டிருக்கலாம். விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஆனால் அவள் நேராக நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போய், கேபிளை உருவியது முதல் கட்டிலுக்குக் கட்டில் நடந்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒரே ஒரு தட்டு மாறியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியுமா?"

"தெரியும் சார். அந்தக் கட்டிலுக்கு முன்னாடி நின்னுட்டுத்தான் வரேன்."

எழுத்தில் விளக்கம் கேட்டார். அவள் ஏற்கெனவே எழுதிக் கையில் வைத்திருந்தாள். அதோடு இன்னொரு தாளும் இருந்தது. அதில் ஏழு வரிகள், ஏழும் தட்டு அண்ணன் பிடித்தவை. நிர்வாக அதிகாரி அதைப் படித்து, ஏழாவது வரியில் வெகுநேரம் நின்றார். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவள் அதை முனகாமல் வாங்கிக்கொண்டாள்.

அன்று சாப்பிடும்போது கணவர் வழக்கம்போல, "இன்னைக்கு யார் என்ன பொய் சொன்னாங்க?" என்று ஆரம்பித்தார்.

"பொய் எதுவும் இல்ல. இன்னைக்குத் தொட்டது நான்தான்" என்றாள். முழுக்கச் சொல்லி முடித்தாள்.

"ஒன்பது நாள்" என்றார் அவர். "நான் பக்கத்து சீட்டுல பிரேக்கை விட்டு ஒன்பது நொடி இருக்க மாட்டேன்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து அந்தப் பட்டியல் வேலையைப் புது சர்வரில் புதிதாகவே எழுதி அமைத்தாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். நாலரைக்கு ஒரு முறையும், பிரிவுகள் மாற்றினால் ஐந்தே முக்காலுக்கு இன்னொரு முறையும் அச்சாகும்படி செய்தாள். சமையலறைக்கு ஒரு புதுப் பிரிண்டர் கொண்டுபோய் வைத்து, தன் ஜாபிதாவில் நாற்பத்திரண்டு என்று சேர்த்தாள். பிறகு பழைய சர்வர் அறைக்குப் போய், பிளாஸ்திரி ஒட்டிய நெற்றியைத் தூசி துடைத்து, பித்தானைத் தானே அழுத்தினாள். விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. செவ்வாய்க்கிழமை நான்கு நாற்காலிகளும் உள்ளே போயின. இரண்டு பஸ் மாறுகிற அம்மாளுக்கு ஜன்னலோர நாற்காலி கிடைத்தது.

அறிவிப்புகளை ஆள்விட்டுக் கிழிக்கச் சொல்லவில்லை. ஏணியை அவளே தூக்கிக்கொண்டு எல்லாத் தளத்துக்கும் போனாள். பழையதை எடுத்த இடத்தில் ஒரு வரி மட்டும் ஒட்டினாள்: 'எதுவானாலும் கூப்பிடுங்கள்.' பின் விளைவு தெரிந்தே செய்தாள். மறுநாளே எலும்பு டாக்டர் சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார். எக்ஸ்ரே அறைப் பிளக்கு மறுபடி கழன்றது. பல்லைக் கடித்துக்கொண்டு போய்ச் செருகினாள்.

வியாழக்கிழமை காலை எட்டே காலுக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தாள்.

"மேடம், அடித்தளத்துல இருந்து பேசறேன்."

எழுந்தே விட்டாள். "என்னண்ணே, பட்டியல் வரலையா?"

"வந்துச்சு மேடம்."

"எழுத்து சரியா விழலையா? காகிதம் சிக்கிக்கிச்சா?"

"இல்ல மேடம், எல்லாம் நல்லா இருக்கு. எழுத்து பெருசா இருக்கு. கண்ணாடி இல்லாமலே படிக்கறேன். முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்து, பட்டியலைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு சுத்து மட்டும் பார்த்துட்டு வந்துடறேன்." சற்றுத் தயங்கினார். "எதுவானாலும் கூப்பிடச் சொல்லி ஒட்டியிருந்தீங்களே, அதான். தொந்தரவு இல்லையே?"

"இல்லண்ணே" என்றாள். அவர் வைத்த பிறகும் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தாள்.

பிறகு பதிவேட்டை இழுத்தாள். தேதி எழுதினாள். நேரம் எழுதினாள். அழைத்தவர், சமையலறை, தட்டு அண்ணன். 'குறை' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அதைக் காலியாக விட்டுவிட்டு, பதிவேட்டை மூட மனமில்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.